அலமாரியில் இருக்கும் செருப்புகள்

பெல்மதுளை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் சிறுவர் இல்லத்துப் பிள்ளை ஷாமிளா மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறி இரத்தத்தைக் குடித்துவிட்டதாம். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் நிர்வாகி. அவர் காலில் சப்பாத்துப் போடுபவர்.

பிள்ளைகளுக்குச் செருப்பு இல்லாமலில்லை. நன்கொடை தந்தவர்கள் படமெடுக்க வரும்போது அலமாரியைத் திறந்து கொடுப்போம். அவர்கள் போனதும் துடைத்துப் பூட்டிவிடுவோம். ஆகவே செருப்புகள் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கின்றன.

நேற்று கடையில் ஒரு சோடி வாங்கிப் போய் ஆஸ்பத்திரியில் ஷாமிளாவுக்குப் போட்டுவிட்டேன். “இன்னைக்கு யாரு வர்றாங்க டீச்சர்?” என்று கேட்டாள்.

கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்புங்கள். ஒருத்திக்குச் சமைக்க அதிகம் வேண்டாம். அக்காவின் பிள்ளைகள் கழித்த செருப்புகளையும் அனுப்புங்கள். புதிது வேண்டாம் அம்மா, அலமாரிக்குள் போய்விடும்.

பஸ் வருகிறது.

ஜெயரூபி