சிவப்பு ஜெல் பேஸ்ட்

நவ. 3, திங்கள்
காலையிலிருந்து சாரல். பேஸ்ட் தீர்ந்தது. டியூபைக் கத்தரித்து விரலால் வழித்தாயிற்று. சிவப்பு ஜெல், பட்டை வாசம் உள்ளது. கல்யாணமானதிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான்.

பள்ளி விட்டதும் முக்குக் கடை. கடைக்கார அண்ணன் கையை விரித்தார்.

"அந்தச் செவப்பு ஜெல்லு இங்கன ஓட மாட்டேங்குது டீச்சர். உப்பு போட்டது இருக்கு, கிராம்பு இருக்கு. சார் எப்ப வருவாக?"

கிறிஸ்துமசுக்கு என்றேன். ஜூனில் அவரும் பிள்ளைகளும் கோவைக்குப் போனதிலிருந்து கோம்பையில் எல்லோருக்கும் இதே பதில். அவருக்கு அங்கே வேலை, பிள்ளைகளுக்கு அங்கே பள்ளி. எனக்கு மட்டும் மாறுதல் வரவில்லை. காலாண்டு லீவுக்குப் போவதாக இருந்தேன். பயிற்சி வகுப்பு என்று பிடித்துப் போட்டார்கள்.

கிராம்பு வாங்கினேன்.

நவ. 4, செவ்வாய்
கிராம்பு: பல் ஆஸ்பத்திரி நாற்றம். நாக்கு மரத்துப் போச்சு. காபி வீண்.
கேஸ் சொல்ல வேண்டும். மீதி ரசம், அப்பளம். ஒருத்திக்குச் சமைக்க அலுப்பு.

நவ. 6, வியாழன்
உப்பு: கருவாடு தின்ற வாய். வேம்பு, ரோசி டீச்சரிடம் கொஞ்சம் பிதுக்கி வாங்கியது: கர்மம்.

"பல்லு வெளக்க இம்புட்டு ஆராய்ச்சியா? தொட்டுக்கிட்டுச் சாப்புடவா போறீக?" என்றாள் ரோசி.

சிரித்து வைத்தேன். அவர்கள் இங்கே இருந்தவரை ஞாயிறு பூசைக்கு வெறும் வயிறாகப் போவோம். சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கும்வரை வாயில் அந்தப் பட்டை வாசம் மட்டும்தான். ஒரே பெஞ்சில் நாலு பேருக்கும் ஒரே வாசம். சின்னவள் காதில் குசுகுசுத்தால் முதலில் அதுதான் வரும். இப்போதும் காலையில் அதை வாயில் வைத்தால், கோவையில் அவர்களும் தேய்த்துக்கொண்டிருப்பார்கள் என்று இருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் வீடு காலியாகத் தெரியாது. இதை ரோசியிடம் எப்படிச் சொல்ல?

நவ. 8, சனி
பஸ் ஏறிக் கம்பம். கடை கடையாக இல்லை. விடுவேனா, குமுளிக்கே போய்விட்டேன். மலை ரோட்டில் பனி, முன்னால் லாரி. பேஸ்ட்டுக்காக மாநிலம் தாண்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"உண்டு சேச்சி. எத்ர வேணும்?" என்றார் மலையாளக் கடைக்காரர்.

பெரிய டியூப் இரண்டு. பஸ் ஸ்டாண்டிலேயே மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். சந்தோஷம்.

நவ. 9, ஞாயிறு
வெயில். ஆசை தீரத் தேய்த்துவிட்டுப் பூசை. திரும்பியதும் அவருக்குப் போன். குமுளிக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன்.

"ஏம்மா, அதையா இன்னும் தேய்க்கிற? நாங்க வந்த மறுவாரமே மாத்தியாச்சே. சின்னவளுக்குப் பல்லு கூசுதுன்னா. ஒங்கிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை. இப்போது எது என்று கேட்டேன். பச்சையாக இருக்கும், பேர் ஞாபகமில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றார். சின்னவள் விளையாடப் போயிருக்கிறாளாம்.

சாயந்திரமாகிவிட்டது. இன்னும் சொல்லவில்லை.

இத்தனை மாதமாகக் காலையில் யாரோடு பல் தேய்த்தேன் நான்?