மந்தைவெளித் தண்ணீரின் வயது

தரமணி,
ஜூன் 11

அன்புள்ள நிலாவுக்கு,

கைசர் ஜஹான் எழுதுகிறேன். நான் அனுப்பிய பெட்டியிலிருந்து வாயு சிலிண்டரை எடுத்ததும், அளக்க உட்காரும் முன் இதைப் படித்துவிடு. மெயில் அனுப்பினால் உங்கள் ஆய்வுக்கூடத்தில் நாலு பேர் பார்ப்பார்கள். அதனால்தான் காகிதம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். தங்கை மஹ்விஷ் நிக்காஹ் முடிந்து வேலூரில் இருக்கிறாள். தினமும் போன் போட்டு ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்கிறாள், மாப்பிள்ளை பாவம். எனக்கு அடுத்த மாதம் நேர்காணல். பதினோரு வருட ஒப்பந்த வேலையை இந்த முறையாவது நிரந்தரமாக்குவார்களாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் ஏப்ரலில் மந்தைவெளி அடுக்குமாடி வீட்டு போர்வெல்லிலிருந்து ஒரு மாதிரி அனுப்பினேன் அல்லவா? கிரிப்டான்-85 இன்றைய காற்றில் இருக்கும் அளவுக்கே இருக்கிறது, சரியாகத்தான் எடுத்தாயா என்று நீ கேட்டாய். பக்கத்திலேயே நின்று எடுத்தேன் என்று பதில் எழுதினேன். அது பொய், நிலா. அன்று கரெண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். நான் லஸ் கடைத்தெருவில் டெய்லரிடம் நிக்காஹ் துணியைக் கொடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தண்ணீரிலிருந்து வாயுவைப் பிரிக்கும் நம் கருவி பேட்டரியில் ஓடி முடித்து, சிலிண்டர் நிறைந்திருந்தது. எப்படி என்று கேட்காமல் மாதிரிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மழைத் தண்ணீர்தான் உடனுக்குடன் ஊறுகிறது, வயது ஒன்றிரண்டு வருடம் என்று உன் அறிக்கை போனது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அனிருத்துக்கு ஏக சந்தோஷம். மழைநீர்க் குழி வெட்டும் வேலையை நிறுத்திவிட்டு, போரைக் காலையிலிருந்து இரவு வரை ஓடவிட்டார். இந்த மே மாதம் மோட்டார் இரண்டு முறை எரிந்தது. தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும் என்று வெளிநாட்டு அறிக்கையே சொல்கிறது, அப்புறம் எரிந்தால் யார் கவனக்குறைவு என்று வாட்ச்மேன் கபாலியை இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

கபாலியும் மனைவி தங்கபுஷ்பமும் கூவம் கரைக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். வாட்ச்மேன் ரூம் கிடைத்ததால் மந்தைவெளிக்கு வந்தார்கள். பெண் பொன்மணி இங்கே மயிலாப்பூரில் பிளஸ் டூ படிக்கிறாள். ரூம் போனால் அவளுக்கு விடியற்காலையில் பஸ்.

கேள்விப்பட்டதும் போய்ப் பார்த்தேன். அன்று சிலிண்டர் எப்படி நிறைந்தது என்று அப்போதுதான் கபாலியிடம் கேட்டேன். "நீங்க வந்து வேகாத வெயில்ல எதுக்கு மேடம் நிக்கணும்? போர் தண்ணிதான டேங்குலயும் கீது, அதுலேர்ந்து வுட்டேன்" என்றார். மொட்டைமாடி டேங்கில் காற்றோடு கலந்த தண்ணீர், எத்தனை வயதாக இருந்தாலும் நேற்றுப் பெய்த மழையாகத்தானே தெரியும்!

மாதிரியில் கோளாறு இருக்கலாம் என்று அனிருத்திடம் சொன்னேன். கையெழுத்து உங்களுடையதுதானே மேடம் என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று போர் வாயிலிலேயே குழாயைப் பொருத்தி மறுபடியும் எடுத்தேன். மூன்று மணி நேரம் நகரவில்லை. கபாலிதான் குடை பிடித்தார். தண்ணியிலிருந்து காத்தை எதுக்கு மேடம் பிரிக்கிறீங்க என்றார். சொன்னேன். அணு எரிபொருள் ஆலைகள் வந்த பிறகு காற்றில் கலந்தது கிரிப்டான்-85. அது இருந்தால் சமீபத்து மழை. ஆர்கான்-39 பாதி குறைய இருநூற்றெழுபது வருடம் ஆகும், அதை வைத்து நவாப் காலத்துத் தண்ணீரைக்கூடக் கண்டுபிடிக்கலாம். கிரிப்டான்-81 லட்சக் கணக்கான வருடத்துக்கு. எதுவும் எதனோடும் சேராத வாயு, அதனால் பொய் சொல்லாது என்றேன்.

"அப்ப இது பழைய தண்ணியா இருந்தா, எடுத்தது திரும்ப ஊறாதா மேடம்?"

ஊறாது என்றேன்.

"அப்ப தண்ணி இல்லாம ஓடித்தான மோட்டார் எரிஞ்சது, என் தப்பு இல்லயே?"

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடை அசையவில்லை.

கிரிப்டான்-85ஐ மட்டும் முதலில் பார்த்து, இருபத்தைந்தாம் தேதிக்குள் எழுது. மற்றவை மெதுவாக வரட்டும். வயது எதுவாக வந்தாலும், முதல் மாதிரி டேங்கிலிருந்து எடுத்தது, எடுக்கும்போது கைசர் ஜஹான் அங்கே இல்லை என்ற வரியை அறிக்கையில் போடு. எங்கள் இயக்குநருக்கும் அனிருத்துக்கும் நீயே நேராக அனுப்பு. என் வேலை என்ன ஆகுமோ என்று பார்க்காதே. வாயால் சொல்லப் போனால் மறுபடியும் பாதியில் திரும்பிவிடுவேன், நிலா.

நீ நன்றாக இருக்க துஆ செய்யும்,
கைசர் ஜஹான்