அத்திப்பட்டைக் கஷாயம்

பெருந்துறை
12-6-1958

அன்புள்ள ராமாமணி அக்காவுக்குத் தங்கை பத்மாவதி எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. எனக்குத் தீட்டு நிற்பதே இல்லை. நின்றுவிட்டது என்று தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனால் சாயங்காலமே மறுபடி வந்துவிடுகிறது. மாதத்தில் பாதிக்குமேல் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில்தான் படுக்கை. எழுந்தால் கண் இருட்டுகிறது. அவர் தானே உலை வைத்து, பாதி வெந்ததைச் சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறார். ஏதாவது வைத்தியம் தெரிந்தால் எழுது.

உன் தங்கை,
பத்மாவதி

கோயமுத்தூர்
18-6-1958

என் கண்ணு பத்மாவுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். காந்திபுரத்து நாட்டுமருந்துக் கடையில் அத்திப்பட்டை வாங்கியிருக்கிறேன். இடித்துப்போட்டு, தண்ணீர் கால் பங்காகச் சுண்டும்வரை காய்ச்சிக் குடி. வாழைப்பூவைத் தட்டிப் பிழிந்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் சாப்பிடு. புளி கூடாது.

தீட்டோடு நீ அடுப்பைத் தொட முடியாதே, யார் காய்ச்சிக் கொடுப்பார்கள்? அதனால் என் நாத்தனார் பங்காரம்மாவையே பட்டையோடு அனுப்புகிறேன். புருஷன் போனதிலிருந்து எங்களோடுதானே இருக்கிறாள். கைப்பக்குவம் நன்றாக இருக்கும். உனக்கு உடம்பு தேறும்வரை அங்கே இருக்கட்டும்.

அக்கா,
ராமாமணி

பெருந்துறை
3-11-1958

அன்புள்ள அக்காவுக்கு,

நின்றுவிட்டது. கஷாயத்தாலோ வயசாலோ தெரியவில்லை. போன மாதம் முழுக்க ஒன்றும் இல்லை.

தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பங்காரம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவர்தான் சொன்னார்: "நீ எதுக்கு எந்திரிச்சு வாரே? பங்காரம் பாத்துக்குவா. நீ உன்ற அறையிலயே இருந்துக்கோ."

வந்துவிட்டேன். ராத்திரி உள்ளறைக் கதவு யாருக்காகச் சாத்தப்படுகிறது என்று எனக்குத் தெரியும். அழலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன், அழுகை வரவில்லை. சாப்பாடு வேளைக்கு வருகிறது. அவளே கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறாள், தீட்டுக்காரிக்கு வைப்பதுபோல.

நீ வந்து அவளை அழைத்துக்கொண்டு போ, அக்கா. நீ கூப்பிட்டால் அவளால் மறுக்க முடியாது. வேறெதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

பத்மாவதி

கோயமுத்தூர்
29-11-1958

என் கண்ணு பத்மாவுக்கு,

உடனே பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பங்காரம் இருந்த அறையைச் சின்னவளுக்குக் கொடுத்தாகிவிட்டது. உன் மாமாவும், தன் தங்கை போன இடத்தில் நிம்மதியாக இருக்கிறாள், விட்டுவிடு என்கிறார். உன்னிடம் சொல்வதற்கென்ன, அவள் இங்கே இருந்தவரை என் அடுப்பு எனக்குச் சொந்தமாக இல்லை. இப்போதுதான் மூச்சு விடுகிறேன்.

நீயும் உடம்பு முடியாதவள். குழந்தையும் இல்லை. ஆம்பளை மனசு அப்படித்தான், அனுசரித்துப் போ. வாழைப்பூவை மட்டும் விடாதே. உனக்கு நின்றால் ஆனைமலை மாசாணியம்மனுக்குச் சேலை சாத்துவதாக வேண்டியிருந்தேன். போய்ச் சாத்திவிட்டு வா.

அக்கா,
ராமாமணி

பெருந்துறை
17-12-1958

அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை ஆனைமலைக்குப் போய் வந்தேன். பக்கத்துத் தோட்டத்து ரங்கம்மாள் துணைக்கு வந்தாள். நீ வேண்டிக்கொண்ட சேலையைச் சாத்தியாகிவிட்டது.

அங்கே ஒரு கல் இருக்கிறது. வஞ்சிக்கப்பட்டவர்கள் மிளகாய் அரைத்து அதில் பூசி அம்மனிடம் நியாயம் கேட்பார்கள். ரங்கம்மாளே மிளகாய் வாங்கித் தந்தாள். "பங்காரம்மா பேரச் சொல்லி அரைங்க அம்மணி. மனசு வந்தா உங்க ஊட்டுக்காரர் பேரையும் சொல்லிப்போடுங்க" என்றாள்.

அம்மி முன்னால் உட்கார்ந்தேன். பங்காரம்மா பேர் வாயில் வரவில்லை. போக்கிடம் இல்லாதவள், இருக்கச் சொன்ன இடத்தில் இருக்கிறாள். அவர் பேரை நான் என்றைக்கும் வாயால் சொன்னதில்லை, அங்கேயும் வரவில்லை. கை எரிந்தது. அது மட்டும் தெரிந்தது. அரைத்து முடித்து எழுந்துபோய்க் கல்லில் பூசினேன்.

ராமாமணி என்று உன் பேரைச் சொல்லித்தான் பூசினேன்.

பத்மாவதி