மூன்றாம் நாள் காய்ச்சல்

வீடு,
ஒன்பதாம் தேதி.

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தம்பி எழுதுகிறான். இங்கே எல்லோரும் சௌகரியம். நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் நல்லபடியாக இருக்க வேண்டும். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஏழு மாதம் முடியப்போகிறது என்று படித்ததும் அம்மா காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாள் எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

குழந்தை நன்றாக இருக்கிறாள். அழுதால் தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது. அண்ணிக்குப் பால் போதவில்லை, அதனால் டப்பாப் பால் கொடுக்கிறோம். அண்ணி உனக்குத் தனியாக எழுத வேண்டும் என்றுதான் இருந்தாள், கைக்குழந்தையோடு நேரம் கிடைக்கவில்லை. உன்னை ரொம்பக் கேட்டதாக எழுதச் சொன்னாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு தையல் மெஷினுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் எப்படி நுழைகிறாய் என்று சிரிக்கிறாள். இருவரையும் சேர்த்துப் போட்டோ கேட்டிருந்தாய். ஸ்டுடியோவுக்குப் போக இன்னும் தோதுப்படவில்லை. அண்ணனுக்கு ஓவர்டைம் அதிகம், அதுதான் எழுதவில்லை.

நீர் பிரியும்போது எரிகிறது, சாயங்காலமானால் காய்கிறது, விலாப்பக்கம் வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். அது வெறும் சூடு என்று உன் மாமியார் சொன்னது சரிதான் என்கிறாள் அம்மா. தண்ணீர் நிறையக் குடி. மாசமாக இருக்கும்போது ஆயிரம் படுத்தல் இருக்கும். வேண்டாததை நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே. கண்டவர்கள் சொல்வதைக் காதில் வாங்காதே.

சுகமாகப் பெற்றெடுத்து வா. எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அன்புள்ள,
அப்பா.

~

லிஃப்ட் மோட்டார் அறை,
பதினொன்றாம் தேதி, மதியம்.

அக்காவுக்கு,

முதலில் உட்கார். இதை உன் வீட்டு விலாசத்துக்குப் போடவில்லை. உன் கம்பெனிக்கு, உன் பக்கத்து மெஷின்காரி பெயருக்குப் போட்டிருக்கிறேன். கடிதத்துக்குக் கடிதம் வாயாடி, வாயாடி என்று எழுதுவாயே, அவருக்குத்தான். உண்மையான பெயரை உன் பழைய கடிதங்களில் தேடி எடுத்தேன். நீ படித்து முடிக்கும் வரை அவரை எழுந்து போகாமல் பக்கத்தில் இருக்கச் சொல்.

அப்பா சொல்லி நான் எழுதிய கடிதம் முந்தாநாள் தபாலில் போனது. அதில் அண்ணியைப் பற்றி இருப்பதெல்லாம் பொய். அண்ணி இறந்துவிட்டார். குழந்தை பிறந்த ஏழாம் நாள். ஆறு வாரம் ஆகிறது. உன் வீட்டுக்காரருக்கும் தெரியும், அப்பா மாமாவின் ஆபீசுக்கே எழுதிச் சொல்லிவிட்டார். உன் மாமியாருக்கும் தெரியும். தெரியாதவள் நீ ஒருத்திதான்.

குழந்தை பிறந்ததும் வந்த கடிதம் மட்டும் நிஜம். அப்போது அண்ணி இருந்தார். 'மூக்கு உங்க குடும்பத்து மூக்குதான், என்ன செய்யறது, வளர்ந்தா சரியாகும்னு நெனச்சுக்கறேன்' என்று கடைசியில் கோணல் எழுத்தில் இருந்ததே, அது அவர் எழுதியது. அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் நாங்கள் கட்டியது.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான அன்று பெரியம்மாதான் பேச்சை ஆரம்பித்தார். 'மாசமா இருக்கறவ காதுல இதப் போடலாமா? அதிர்ச்சியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?' என்றார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எழுதவும் சம்மதித்தேன். முதல் கடிதத்தில் கை கூசியது. இரண்டாவதில் கூசவில்லை. நீ மெஷினுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் நுழைவதைப் பற்றி அண்ணி சிரித்ததாக ஒரு வரி இருக்கும் பார், அதை அப்பா சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன். செத்தவரைச் சிரிக்க வைக்கும் அளவுக்குப் பழகிவிட்டது.

தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். சாயங்காலம் காய்கிறது என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டியபோது, சூடுதான் என்று அம்மா சொன்னாள் அல்லவா? அதே குரலில், அதே மாதிரி கையை வீசி, அண்ணிக்கு வந்ததைப் பால் கட்டும் காய்ச்சல் என்று சொன்னாள். அதனால் என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இதெல்லாம் தம்பி அக்காவுக்கு எழுதுகிற விஷயமா என்று கூச்சம் வருகிறது. ஆனால் இந்தக் கூச்சமும் சேர்ந்துதான் அண்ணியைக் கொன்றது.

அண்ணிக்கு ஒரு காலையில் பனிக்குடம் உடைந்தது. வலி வரவில்லை. வலி வந்தால் போகலாம் என்றாள் அம்மா. அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த மாதத்திலேயே இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நேரம் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் தடவை ஆயா, சும்மா சும்மா வந்து நிற்க இதென்ன சினிமாக் கொட்டகையா என்று கேட்டாளாம். அந்தப் பேச்சை மறுபடி கேட்கப் பயந்து மறுநாள் மதியம் வரை வீட்டில் வைத்திருந்தோம்.

வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பார்க்கப் போன அண்ணனிடம், பஸ்ஸில்கூட இதைவிடக் காலை நீட்டலாம் என்று அண்ணி சிரித்தாராம். மணிக்கொரு தரம் யாராவது வந்து கைவிட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தர் வந்த மாதிரி இன்னொருத்தர் வரவில்லை. பாதியில் கையுறை தீர்ந்துவிட்டது. போட்டிருந்ததையே குழாயில் அலசிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனதாகக் கூடப் படுத்திருந்த பெண் பிறகு சொன்னாள். பிரசவமான மறுநாளே, நடக்க முடிகிறதல்லவா, கிளம்பு என்று அனுப்பிவிட்டார்கள். அந்த இடத்துக்கு வராந்தாவில் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் குளிர் எடுத்துக் காய்ச்சல் வந்தது. பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் அவரவருக்கு வந்த மூன்றாம் நாள் காய்ச்சலைப் பற்றிச் சொன்னார்கள். பால் கட்டினால் அப்படித்தான், துணியை வெந்நீரில் நனைத்து ஒற்றினால் இறங்கிவிடும் என்றார்கள். அவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள். பிழைக்காதவர்கள் வந்து சொல்ல முடியாதே, அக்கா.

நான்காம் நாள் எனக்கு வார லீவு. அம்மா பள்ளிக்கூடத்து ஆயா வேலைக்கு, எடுத்த லீவு முடிந்து போய்விட்டாள். வீட்டில் அண்ணி, குழந்தை, நான். பதினொரு மணிக்கு, வீடு வீடாக வந்து பிரசவமானவர்களைப் பார்க்கும் நர்ஸம்மா வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே காகிதத்தை விரித்தார். காய்ச்சல் உண்டா என்றார். பால் காய்ச்சல்தானாம் என்றேன். வேறு ஏதாவது என்றார். இல்லை என்றேன். நான் உள்ளே போய்க் கேட்கவில்லை, அவரும் உள்ளே வந்து பார்க்கவில்லை. அன்றைக்கு அவருக்கு இன்னும் பதினேழு வீடு பாக்கியாம். ஒரு கோடு போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி உள்ளேயிருந்து, 'தம்பி, போயிட்டாங்களா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். 'ஒரு எட்டு போய்க் கூட்டிட்டு வர்றியா? ஒண்ணு கேக்கணும்.' என்னவென்று கேட்டேன். 'பொம்பளைங்க விஷயம்' என்றார்.

நர்ஸம்மா அடுத்த தெருவுக்குள்தான் போயிருப்பார். ஓடியிருந்தால் இரண்டு நிமிடம். நாலு பெண்களுக்கு நடுவில் போய் நின்று, அண்ணி ஏதோ பெண்கள் விஷயம் கேட்க வேண்டுமாம் என்று எப்படிச் சொல்வது என்று கூசிப்போய், அம்மா நாலு மணிக்கு வந்துவிடுவாள், அவளிடம் சொல்லுங்கள் என்றேன். 'சரிப்பா, அம்மா வரட்டும்' என்றார். ஏதோ நான் சங்கடப்பட்டுவிடக் கூடாதே என்பது போலச் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு மதிய வெயிலில் நடுங்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு ரேடியோவைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்க நினைத்தது, போகும் ரத்தத்தில் நாற்றம் அடிக்கிறதே, அது சரியா என்பது. சாயங்காலம் அம்மாவிடம் சொன்னார். அம்மா துணியை மாற்றிவிட்டு, தீட்டு அப்படித்தான் இருக்கும் என்றாள். மறுநாள் காலையில் குழந்தையைப் பக்கத்தில் கிடத்தியபோது, இது யார் வீட்டுப் பிள்ளை என்று அண்ணி கேட்டார். அப்போதுதான் ஆட்டோ பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கவே முக்கால் மணி நேரம். அவசரப் பிரிவு மூன்றாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. கதவு சுவிட்சின் காண்டாக்ட் தேய்ந்திருந்தது, பத்து நிமிட வேலை, நான் செய்கிறேன் என்றேன். காண்ட்ராக்ட் வேறு கம்பெனிக்கு, கை வைத்தால் போலீசைக் கூப்பிடுவேன் என்றான் காவலாளி. நானும் அண்ணனும் போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினோம். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். உன் வயதுதான் இருக்கும். எப்போது பனிக்குடம் உடைந்தது, எத்தனை நாளாகக் காய்ச்சல், நாற்றம் உண்டா என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றாவதற்கு நாங்கள் இரண்டு ஆண்களும் தரையைப் பார்த்தோம். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'நேத்தே கொண்டு வந்திருக்கலாமே' என்றார். அடுத்த இரண்டு நாள் அந்தப் பெண் வீட்டுக்கே போகவில்லை. ஆனாலும் முடியவில்லை. கர்ப்பப்பையில் பிடித்த கிருமி ரத்தம் முழுக்கப் பரவிவிட்டது என்றார்.

சான்றிதழில் இருதயம் நின்றதால் மரணம் என்று எழுதியிருக்கிறார்கள். யாருக்குத்தான் கடைசியில் இருதயம் நிற்காது? குழாயில் அலசிய கையுறை அதில் இல்லை, வாசலோடு போன நர்ஸ் இல்லை, நான் இல்லை. நான் பார்க்கும் லிஃப்ட் ஒன்றில் சத்தம் மாறினால்கூட எத்தனை மணிக்கு, யார் சொன்னது, யார் போய்ப் பார்த்தது என்று நோட்டில் எழுதாமல் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு பெண் நான்கு நாள் கொதித்ததற்கு எங்கேயும் ஒரு வரி கிடையாது.

இப்போது உன் விஷயம். நேற்று அரை நாள் லீவு போட்டுவிட்டு உன் கடிதத்தோடு அந்த டாக்டரைப் போய்ப் பார்த்தேன். எரிச்சல், சாயங்காலக் காய்ச்சல், விலா வலி என்று நீ எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். இது சூடு இல்லை என்றார். சிறுநீரில் கிருமி சேர்ந்து மேலே ஏறுகிறதாம். விட்டால் மாதம் நிறைவதற்குள் வலி வந்துவிடலாம், கிருமி ரத்தத்திலும் கலக்கலாம். இன்றைக்கே பரிசோதித்து மருந்து கொடுத்தால் குணமாகிவிடும் என்றார். அதை இரண்டு தடவை சொன்னார். ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார், இதோடு வைத்திருக்கிறேன்.

ஷிப்டுக்கு இரண்டு கக்கூஸ் டோக்கன்தான், மூன்றாவது கேட்டால் சூப்பர்வைசர், என்னம்மா இங்கேயே குடித்தனம் வைக்கப் போகிறாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறான், அதனால் தண்ணீரையே குறைத்துவிட்டேன் என்று நீ எழுதியிருந்தாய். அதற்கு நாங்கள், தண்ணீர் நிறையக் குடி என்று பதில் போட்டோம். என் கையால்தான் எழுதினேன். ஏழு மாதக்காரியின் மூத்திரத்தை அடக்கி அவன் சட்டைக் கணக்கை நிரப்புகிறான். அவனோடு சண்டை போடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது எழுந்து போ. அவன் வேலையை விட்டே அனுப்பினாலும் போ.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைக்காதே. மாமா நல்லவர்தான், ஆனால் அவரும் தன் அம்மாவைத்தான் கேட்பார், உன் மாமியார் சூடு என்பார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போ, வாயாடி அக்காவையும் கூட்டிக்கொண்டு போ. அங்கேயும் சூடு என்று யாராவது திருப்பி அனுப்பினால் அவர் வாயைத் திறக்கட்டும். பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்காதே. குழந்தை பிறந்த பிறகு காய்ச்சல் வந்தால், யார் என்ன பெயர் வைத்தாலும் நம்பாதே. நாற்றம் அடித்தால் சொல். மாமாவிடம் சொல், ஆட்டோக்காரனிடம் சொல், தெருவில் நின்று கத்து. எவன் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும்.

இந்தக் கடிதத்தால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. யார் பதில் சொல்வது என்று பெரியம்மா கேட்டாரே, நான்தான் சொல்ல வேண்டும். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அப்பா என் முகத்தில் விழிக்க மாட்டார். பரவாயில்லை.

நீ அண்ணியோடு எவ்வளவு நெருக்கம் என்று எனக்குத் தெரியும். அழு. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அழு. ஆறு வாரமாக மறைத்ததற்கு என் மேல் கோபம் வரும். நர்ஸம்மாவைக் கூப்பிட ஓடாததற்கு அதைவிட அதிகமாக வரும். அதைக் கடிதத்தில் எழுதிவிடாதே, நான் பிரிக்க மாட்டேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரில் வந்து, வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி என்னைத் திட்டு. எவ்வளவு நேரமானாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன். வந்து திட்டு, அக்கா.

உன் தம்பி.