மறுப்பு மனுவில் வந்த முகவரி

என் கண்ணே,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறேன். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். பேரனா பேத்தியா என்று தெரியாமலே ஆசீர்வாதம் எழுதுகிற பாட்டி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும், இன்னும் எதைப் பிடுங்க எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றியிருக்கும். கிழித்துப் போட்டுவிடாதே. அஞ்சாம் வகுப்பு படித்தவள் நாள் முழுக்க உட்கார்ந்து எழுதியது, முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கிழி.

அண்ணன் மாற்றலாகி வேறு ஊரில் இருக்கிறான், ஞாயிறு தோறும் போன் செய்கிறான். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் என்னைப் பார்த்து, என்ன அண்ணி இவ்வளவு நரைச்சுப் போச்சு என்றாள், அந்தக் கண் தெரியாமலே இருந்திருக்கலாம். எனக்கு முட்டிவலிதான், மாடிக்கு ஏறுவதில்லை. போன மாதம் சமையலறைக் குழாய் ஒழுகியது, அப்பா வீடியோவைப் பார்த்து நானே வாஷர் மாற்றினேன்.

அந்த வீடியோக்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். நீ போன பிறகு வீட்டில் பேச்சே இல்லை. உன் பேச்சை நானும் எடுக்கவில்லை, அப்பாவும் எடுக்கவில்லை. ஒருநாள் என் கையில் போனைக் கொடுத்து, குழாய் எப்படி ரிப்பேர் பண்றதுன்னு சொல்றேன், நீ பிடி என்றார். எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துட்டா பிளம்பரை எவன் கூப்பிடுவான், உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்களே என்று திட்டிக்கொண்டேதான் பிடித்தேன். அதற்குப் பழி வாங்குகிற மாதிரி ஒவ்வொரு வீடியோ முடிவிலும், அப்பவும் ஒழுகுனா என்னைக் கூப்பிடுங்க, நான் வந்தும் ஒழுகுனா என் வீட்டுக்காரியைக் கூப்பிடுங்க, அவ போடுற சத்தத்துல தானா நின்னுடும் என்பார். அவர் சேனலில் எந்த வீடியோ போட்டாலும் பத்து நிமிஷத்துக்குள் முதல் லைக் ஒன்று எங்கிருந்தோ விழும். பாவம், அந்த வீட்டுல எத்தனை குழாய் ஒழுகுதோ என்று சிரிப்பார். அது விழுகிற வரைக்கும் போனைக் கீழே வைக்க மாட்டார். அது நீயாகத்தான் இருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது, அவருக்குத் தெரிந்திருந்ததா என்று யாரிடம் போய்க் கேட்பேன்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் எழுந்ததும் ஒரு வீடியோ பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவேன். போன வருஷம் ஜெராக்ஸ் கடைக்காரப் பெண், ஐயா வீடியோவை யார் யாரோ எடுத்துப் போட்டிருக்காங்கம்மா, பாருங்க என்று காட்டினாள். ஒருவன் அப்பா முகத்தை வெட்டிவிட்டுக் கையை மட்டும் வைத்திருந்தான். இன்னொருவன் அவர் குரலின் மேல் தன் பைப் கம்பெனிக்கு விளம்பரம் ஓட்டினான். இதை எப்படி எடுக்க வைப்பது என்று அவளிடமே கேட்டேன். போனைப் பிடித்து எடுத்தவள் நான், அதனால் காப்பிரைட் எனக்குத்தான், வீடியோ போட இடம் கொடுக்கிற கம்பெனிக்குப் புகார் எழுதினால் எடுத்துவிடுவார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். அசல் எங்கே இருக்கிறது, நகல் எங்கே இருக்கிறது, சொல்வதெல்லாம் சத்தியம் என்று எழுதிக் கீழே முழுப்பெயரைப் போட வேண்டும். இரண்டு புகார் அவள் போட்டுக் காட்டினாள், மூன்றாவதிலிருந்து நானே போட்டேன். கேட்காமல் எடுப்பது திருட்டு என்று ஒவ்வொன்றிலும் தவறாமல் எழுதினேன். பத்தொன்பது புகார், பத்தொன்பதும் ஜெயம். நீக்கப்பட்டது என்று பதில் வரும்போதெல்லாம் தெருவில் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அந்த மிதப்பில்தான் உன் பக்கத்தைப் பார்த்தேன். பெயர் என்று ஒன்றும் இல்லை, வெறும் எழுத்தும் எண்ணுமாக இருந்தது. அப்பாவின் வீடியோ நாற்பத்தொன்று. விளம்பரம் இல்லை, முகத்தை வெட்டவில்லை, ஒவ்வொன்றுக்கும் கீழே சின்னதாக ஏதோ எழுதியிருந்தது, எனக்கிருந்த ஆத்திரத்தில் அதைப் படிக்கவில்லை. படித்திருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். ஒரு வீடியோவில், வீட்டுக்காரியைக் கூப்பிடுங்க என்று அவர் சொல்கிற இடத்தில் ஒரு குழந்தை கெக்கெக்கே என்று விழுந்து விழுந்து சிரிக்கிறது. செத்தவரை வைத்து எவனோ தன் பிள்ளைக்கு வேடிக்கை காட்டுகிறான், என்னையும் சேர்த்துக் கேலி செய்கிறான் என்று நினைத்தேன். மூன்று புகார் சேர்ந்தால் பக்கமே போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஒரே நாளில் மூன்றும் போட்டேன். என் பேரப்பிள்ளை சிரித்து நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அதைத்தான் கேவலம் என்று எழுதி அழிக்கச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் கம்பெனியிலிருந்து போனுக்குத் தபால் வந்தது, கடையில் தாளில் எடுத்தோம். பக்கத்துக்காரர் மறுப்பு மனு கொடுத்திருக்கிறார், விதிப்படி அவருடைய உண்மையான பெயரும் முகவரியும் போன் நம்பரும் இதோ என்று. கடைக்காரப் பெண் படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, அம்மா கொஞ்சம் உட்காருங்க என்றாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே படித்தேன். உன் பெயர். முன்னால் இன்னும் அப்பாவின் இனிஷியல். நீ எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த வீடியோக்களை நான் எடுக்கவில்லை, இவர் இறந்ததையே இவருடைய சேனலில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன், நான் இவருடைய மகள், இதைத் தவிர எனக்கு வேறு உரிமை இல்லை என்று எழுதியிருந்தாய். புகாரில் என் பெயரைப் பார்த்துவிட்டுத்தானே அதை எழுதினாய். பெற்றவள் இதையும் விட்டுவைக்கவில்லை என்றுதானே நினைத்தாய். சத்தியமாக நீ என்று எனக்குத் தெரியாது கண்ணே. அவர் இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்ன அன்றைக்கு நான் அடுப்படியில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை, அது தெரிந்து செய்த தப்பு. அவர் இறந்த செய்தி உன் பழைய நம்பருக்குப் போகாதபோது வேறு வழி தேடாமல் விட்டதும் தெரிந்து செய்தது. அவள் அப்பா முகத்தைப் பார்க்கக்கூட வரலையே என்று இரண்டு வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த மூன்றுக்கும் என்னைத் திட்டு. இது ஒன்று மட்டும் தெரியாமல் செய்தது.

பத்து வேலை நாளுக்குள் நான் கோர்ட்டில் கேஸ் போட வேண்டும், இல்லாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். கேஸ் போட்டா நீங்கதாம்மா ஜெயிப்பீங்க என்று அந்தப் பெண் சொல்லிவிட்டு, சொன்னதற்காக அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். உன்னிடம் ஒளிக்காமல் எழுதுகிறேன், ஒரு நாள் முழுக்க நான் அதை நினைத்தேன். கேஸ் போட்டால் நீ வந்து எதிரே நிற்க வேண்டியிருக்குமே, எதிராளியாகவாவது உன் முகத்தைப் பார்த்துவிடலாமே, குழந்தையையும் தூக்கிக்கொண்டு வருவாயே என்று. அப்புறம் ஆசையை விழுங்கிக்கொண்டு இன்று காலை கடை திறந்ததும் போய் மூன்று புகாரையும் திரும்ப வாங்கிவிட்டேன். காரணம் என்று கேட்டிருந்த இடத்தில், புகார் கொடுத்தவள் தப்பு என்று எழுதினேன். உன் பக்கம் இரண்டொரு நாளில் திரும்பி வரும் என்கிறார்கள். நீ எழுதியவையும் அப்படியே வருமா என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. வராவிட்டால் அதற்கு நான் எப்படி ஈடு செய்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நீ சின்ன வயதிலேயே பசியை அடக்குகிறவள். உன் வீட்டுக்காரரை நான் விசாரித்ததாகச் சொல். அப்பாவின் வீடியோ எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள், என் அனுமதி என்று இந்தக் கடிதத்தையே காட்டு. அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துவிடாதே. நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வை. மனுவில் நீ முகவரி எழுதியது கம்பெனி கேட்டதற்காக, எனக்காக இல்லை. உன்னைக் கேட்காமல் அதை எடுத்து இந்த உறையில் எழுதியிருக்கிறேன், இந்த ஒரு தடவைக்கு மன்னித்துவிடு. தபாலில் போட்டதும் அந்தத் தாளை எரித்துவிடுவேன், போனிலிருந்தும் அழிக்கச் சொல்லிவிட்டேன். நம்பரை நான் படிக்கவே இல்லை, படித்தால் மனப்பாடம் ஆகிவிடும். இனி நீயாக எழுதிக் கொடுத்தால்தான் எனக்கு உன் முகவரி.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்