குரலுக்கு ஒரு மாத்திரை

பள்ளங்கி
6.8.2006

அன்புள்ள வள்ளிக்கு,

நானும் மகளும் சுகம். போனில் பேசினால் அது எந்தக் குரலோ என்று பயமாக இருக்கிறது என்றாயே, அதனால் எழுதுகிறேன். குடல் அழுகிவிட்டதென்று சோற்றைத் தள்ளியவள் அண்ணன் வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டாயாம். கேட்டதும் அழுதுவிட்டேன்.

காதில் கேட்ட குரலும் நின்றுவிட்டதல்லவா? அப்புறம் எதற்கு அதற்கொரு மாத்திரை? பகலெல்லாம் தூங்கி வழிகிறாயாம். மனச்சோர்வு மாத்திரை மட்டும் போடு. பூண்டுப் பயிரில் நோய் நின்றபின் மருந்தடிப்போமா? ஊரில் உனக்குக் காமாலை என்றே சொல்லியிருக்கிறேன், கவலைப்படாதே. பூண்டெடுக்க ஆள் இல்லை. சீக்கிரம் வந்து சேர்.

உன்
மலைச்சாமி


ஒட்டன்சத்திரம்
8.10.2006

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே குரலுக்கான மாத்திரையை நிறுத்தினேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அந்தக் குரல் மறுபடி பேசியது: "நீ செத்துட்ட. பொணத்துக்கு எதுக்குடி சோறு?" தண்ணீர்கூட இறங்கவில்லை. அண்ணன் என்னைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டரம்மா அதட்டினார்: "இந்த வியாதிக்கு ரெண்டும் சேந்தாத்தாம்மா நல்லாக் கேக்கும். நீங்களா நிறுத்தலாமா? தூக்கம் சாஸ்தின்னா எங்கிட்டச் சொல்லுங்க, அளவ மாத்திப் பாப்போம்." அதற்கும் கேட்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்துத் தலையில் கரண்ட் வைப்பார்களாம். அதுவும் நல்ல வைத்தியம்தானாம். எனக்கு மாத்திரையிலேயே குறைகிறது. கை மட்டும் லேசாக நடுங்குகிறது, அதையும் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான், மாமா. காமாலைக்காரி எத்தனை மாதம் மாத்திரை போடுவாள்? ஒளித்து ஒளித்துப் போட்டால் ஒருநாள் விட்டுப்போகும். இன்னொரு தடவை அந்தக் குரலிடம் மாட்ட என்னால் முடியாது. ஊருக்கு உள்ளதைச் சொல்லிவிட்டு எழுதுங்கள். அப்புறம்தான் பஸ் ஏறுவேன்.

சண்முகவள்ளி


பள்ளங்கி
29.10.2006

அன்புள்ள வள்ளிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாக ஊரில் சொல்லத் துணிவு வரவில்லை. இன்று பூண்டு ஊன்றும்போது எல்லாருக்கும் கேட்கவே சொன்னேன்: "எம் பொண்டாட்டிக்குக் காமாலை இல்ல. மனசுல நோவு, காதுல ஏதோ குரல் கேட்டுக்கிட்டு கெடந்துச்சு. ரெண்டு மாத்திரை போடுறா. திண்டுக்கல் டாக்டரம்மா சொல்ற வரைக்கும் போடுவா."

எல்லாரும் குனிந்தபடி ஊன்றிக்கொண்டே இருந்தார்கள். நானும் குனிந்து ஊன்றினேன்.

சோலி முடிந்து கை கழுவும்போது கூட ஊன்றிய மூக்கம்மா தனியாக வந்தாள். "அந்த டாக்டரம்மா எந்தத் தெருவுல இருக்காக?" என்று கேட்டாள். அவள் மகனுக்காம்.

எனக்குத் தெரியவில்லை. நீ வந்து சொல்.

மலைச்சாமி