ஆட்டுக்கொழுப்பு தடவிய பிரேக்

ஐசுலூ அப்பாவுக்கு,

கார் சாவி தேநீர்க் கெண்டிக்குப் பின்னால்.

"பிரேக் கத்துதுன்னு உன் வீட்டுக்காரர் பிரேக் பேடுல ஆட்டுக்கொழுப்பு தடவினாராமே, காரைப் பொரிக்கவா?" என்று பக்கத்து வீட்டு புருல்கான் கேட்க, தெருவே சிரித்தது. வண்டியை எடுத்துப் பார்த்தேன். சத்தம் போச்சு, பிரேக்கும் போச்சு. கோழிக்கூண்டில் இடித்துத்தான் நின்றது!

கொழுப்பு குடித்த பேடு இனித் தேறாது. நானே புதிது வாங்கி மாட்டி, டிஸ்கையும் தின்னரால் துடைத்துவிட்டேன். எனக்கே பெருமை தாங்கவில்லை!

பிரேக் மிதியை அது இறுகும்வரை பலமுறை அழுத்திவிட்டுக் கிளம்புங்கள். சமதரையில் மெல்ல நிறுத்தி நிறுத்திப் புதுப் பேடைப் பழக்கிய பிறகே மலைக் கணவாயில் ஏறுங்கள். பிஷ்கெக்கிலிருந்து திரும்பும்போது மகளோடு பேரனும் வண்டியில் இருப்பான், முதன்முதலாக நம் வீட்டுக்கு!

பி.கு: கோபம் தீரவில்லை.

இன்னொன்று: மிச்சக் கொழுப்பில் இரவுக்குப் பிலாவ் சோறு. கேரட் வாங்கத்தான் சந்தைக்குப் போகிறேன். பத்திரமாக வந்தால் முதல் தட்டு உங்களுக்கு.